ஆறரை இஞ்ச் போர், 480 அடி: புது சப்மர்சிபிள் இறக்குவதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

தென்னந்தோப்பு:
வணக்கம். ஒட்டன்சத்திரம் பக்கம் தோட்டத்து வீடு. வீட்டுக்கும் ஒட்டியுள்ள தென்னைக்கும் சேர்த்து ஒரே போர், சிங்கிள் ஃபேஸ். ஆறரை இஞ்ச், 480 அடி, கேசிங் குழாய் 40 அடி வரைதான், அதற்குக் கீழே வெறும் பாறை. மழைக்காலத்தில் தண்ணீர் 110 அடியில் நிற்கும், சித்திரையில் 260 வரை இறங்கிவிடும். பழைய மோட்டாரில் காயில் எரிந்தது, கட்டி இறக்கினோம், மறுபடியும் எரிந்தது. சரி, புதிதாகவே வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தாகிவிட்டது. கடைக்காரர் 2 எச்பி போட்டால்தான் 'போர்ஸாக' வரும் என்கிறார், மெக்கானிக் ஒன்றரை போதும் என்கிறார், பழைய கேபிளும் பைப்பும் நன்றாகத்தான் இருக்கின்றன, அதையே போட்டுக்கொள்ளலாம் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை இறக்குவதாகப் பேச்சு. பக்கத்தில் நின்று நான் எதைக் கவனிக்க வேண்டும்? மாலையில் எங்கள் லைனில் 200 வோல்ட் வந்தாலே அதிகம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

காயில் கடை:
எரிந்த மோட்டாரைத் திறந்து பார்த்தவர் என்ன சொன்னார்? காயில் முழுக்கக் கறுத்திருந்ததா, ஒரு பக்கம் மட்டுமா, அடியில் தண்டின் பாரத்தைத் தாங்கும் த்ரஸ்ட் பேரிங் தேய்ந்திருந்ததா? இதைக் கேட்காமல் புது மோட்டாரை இறக்கினால் அதுவும் அதே வழியில்தான் போகும். என் கடைக்கு வருகிற எரிந்த மோட்டார்களில் பெரும்பாலானவற்றில் மோட்டாரின் மேல் குற்றமே இருக்காது. தண்ணீர் இல்லாமல் ஓடியிருக்கும், லோ வோல்டேஜில் இழுத்திருக்கும், இல்லையென்றால் ஜாயின்ட் வழியாகத் தண்ணீர் ஏறியிருக்கும். கம்பெனியை மாற்றி மாற்றி வாங்குவார்களே தவிர இந்த மூன்றையும் யாரும் தொடுவதில்லை.

தென்னந்தோப்பு:
முழுக்கக் கறுப்பு அண்ணா. அடியில் இருந்த பேரிங்கும் போய்விட்டது என்றார். ஆனால் காரணம் எதுவும் சொல்லவில்லை.

காயில் கடை:
அப்படியானால் சூடுதான் கொன்றிருக்கிறது. உள்ளே இருந்த தண்ணீர் காய்ந்து பேரிங் போயிருக்கிறது, அல்லது மோட்டாரைச் சுற்றித் தண்ணீர் ஓடாமல் உடம்பு சூடேறியிருக்கிறது. ரெண்டும் ஒன்றாகவே நடந்திருக்கலாம். கோடையில் எவ்வளவு நேரம் தொடர்ந்து ஓட்டுவீர்கள்?

தென்னந்தோப்பு:
தென்னைக்கு விடும்போது மூன்று மணி நேரம் கூட ஓடும். நடுவில் காற்றும் தண்ணீருமாகத் துப்பும், அப்புறம் மறுபடி வரும்.

பாசனக் கணக்கு:
துப்புகிறது என்றால் தண்ணீர் பம்பின் வாய்க்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அந்த நேரத்தில் மோட்டார் பாதி வறட்சியில்தான் ஓடுகிறது. எச்பி பேச்சை ஓரமாக வைத்துவிட்டு முதலில் போரில் நிமிடத்துக்கு எவ்வளவு தண்ணீர் ஊறுகிறது என்று பாருங்கள். ஆறரை இஞ்ச் துளையில் ஒரு அடி உயரத்துக்கு ஆறரை லிட்டர் நிற்கும் (இஞ்சும் லிட்டரும் ஒரே எண்ணாக வருவது தற்செயல்தான், ஆனால் நினைவில் வைக்க வசதி). சித்திரையில் தண்ணீர் 260 அடியில், பம்பு 350 அடியில் என்று வைத்துக்கொண்டால் நடுவே 90 அடி, அதாவது சுமார் 585 லிட்டர் சேமிப்பு. பம்பு நிமிடத்துக்கு 30 லிட்டர் எடுக்கிறது, ஊற்று 15 தருகிறது என்றால் சேமிப்பிலிருந்து நிமிடத்துக்கு 15 குறையும். 39 நிமிடத்தில் காலி. அதற்கு மேல் ஓட்டினால் துப்பத்தான் செய்யும். ஊற்று எவ்வளவு என்று கண்டுபிடிக்க, மோட்டாரை நிறுத்திவிட்டு அரை மணி நேரத்தில் மட்டம் எத்தனை அடி ஏறியது என்று நூலில் கட்டிய எடையை விட்டுப் பாருங்கள், ஆறரையால் பெருக்குங்கள், முப்பதால் வகுங்கள். மோட்டார் இல்லாத போரில்தான் சரியாக வரும், மோட்டார் இறங்கிய பிறகு நூல் கேபிளில் சுற்றிக்கொள்ளும். இப்போது உங்கள் போரில் மோட்டார் இல்லாமல்தானே இருக்கிறது, இதைவிட நல்ல நேரம் வராது. ஒன்று, நீண்ட நாள் ஓட்டாத போரில் மட்டம் ஏற்கெனவே நிலையாக நிற்கும், அதனால் யாராவது ஒரு மோட்டாரையோ கம்ப்ரசரையோ வைத்துக் கொஞ்சம் இறைத்த பிறகு பார்க்க வேண்டும்.

அடுத்தது எச்பி. 260 அடி மட்டம், மேலே டேங்க் 30 அடி, பைப் உராய்வு எல்லாம் சேர்த்து 95 மீட்டர் ஹெட் (பம்பு தூக்க வேண்டிய மொத்த உயரம்) வரும். அதில் நிமிடத்துக்கு 30 லிட்டர் தூக்கத் தண்ணீருக்குத் தேவையான சக்தி சுமார் 466 வாட். இந்தச் சிறிய பம்புகளின் திறன் 45 சதவீதம் என்று வைத்தால் தண்டில் ஆயிரத்துச் சொச்சம் வாட், அதாவது 1.4 எச்பி. மெக்கானிக் சொல்லும் ஒன்றரைதான் சரி. 2 எச்பி போட்டால் போர் சீக்கிரம் காலியாகும், மொத்தத் தண்ணீர் கூடுதலாக வராது. எச்பியை மட்டும் பார்த்து வாங்காமல் பெட்டியில் இருக்கும் ஹெட், டிஸ்சார்ஜ் அட்டவணையைப் பாருங்கள், 95 மீட்டர் அந்த அட்டவணையின் நடுப்பகுதியில் விழ வேண்டும். சப்மர்சிபிளுக்கான இந்தியத் தர எண் ஐஎஸ் 8034, அந்த முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

தாராபுரம் அக்கா:
எங்கள் வீட்டில் தண்ணீர் பஞ்சம் வந்த வருஷம் டைமர் போட்டுவிட்டோம். அரை மணி ஓடும், முக்கால் மணி நிற்கும், மறுபடி அரை மணி. ஒரு நாளில் வருகிற மொத்தத் தண்ணீர் முன்பைவிடக் குறையவே இல்லை, ராத்திரியும் ஊறுவது வீணாகாமல் தொட்டிக்கு வருகிறது. பெரியவர்களுக்குத்தான் பிடிக்கவில்லை, மோட்டார் போட்டால் வாய்க்கால் நிறைய ஓட வேண்டும் அவர்களுக்கு.

கரண்ட் கணக்கு:
பழைய கேபிளையே போடலாம் என்றாரே, அது எத்தனை ஸ்கொயர்?

தென்னந்தோப்பு:
2.5 ஸ்கொயர் எம்எம், மூன்று கோர் தட்டைக் கேபிள். தோல் நன்றாகத்தான் இருக்கிறது சார்.

கரண்ட் கணக்கு:
தோலைப் பற்றிக் கேட்கவில்லை. 350 அடி ஆழம், போர் வாயிலிருந்து பேனல் வரை ஐம்பது அடி, ஆக 400 அடி, 122 மீட்டர். போகவும் வரவும் 244 மீட்டர் செம்பு. 2.5 ஸ்கொயருக்குக் கிலோமீட்டருக்கு 7.4 ஓம், அப்படியானால் 1.8 ஓம். ஒன்றரை எச்பி சிங்கிள் ஃபேஸ் 10 ஆம்பியர் பக்கம் இழுக்கும், 18 வோல்ட் கேபிளிலேயே போய்விடும். உங்களுக்கு வருவதே 200. மோட்டாருக்குக் கிடைப்பது 182. வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் ஆம்பியரை ஏற்றிக்கொள்ளும், ஆம்பியர் ஏறினால் கேபிளில் இன்னும் விழும், காயில் வறுபடும். ஸ்டார்ட் ஆகும் கணத்தில் நாலு, ஐந்து மடங்கு கரண்ட் என்பதால் அப்போது விழுவது இன்னும் மோசம், சில நாள் மாலையில் 'ம்ம்ம்' என்று முனகிவிட்டு ட்ரிப் ஆகியிருக்குமே?

4 ஸ்கொயர் போட்டால் 12 வோல்ட்தான் விழும், அது 230இல் ஐந்து சதவீதம், பொதுவாக ஏற்றுக்கொள்ளும் எல்லை. உங்கள் லைனுக்கு 6 போட்டாலும் தப்பில்லை, 8 வோல்டுக்குள் நிற்கும். விலை கூடத்தான் செய்யும், ஒரு தடவை மோட்டாரை மேலே எடுத்து இறக்கும் கூலியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அலுமினியத்தை யாராவது நீட்டினால் வாங்காதீர்கள்.

தென்னந்தோப்பு:
முனகுவது உண்மைதான்! மெக்கானிக்கிடம் கேட்டேன், "இத்தனை வருஷம் அதிலேதானே ஓடியது" என்கிறார்.

காயில் கடை:
ஓடியது, எரிந்தது, கட்டினோம், எரிந்தது. அவர் கணக்கில் அதுவும் ஓட்டம்தான். 4 ஸ்கொயர் புதுசு வாங்குங்கள், நடுவில் ஒட்டு இல்லாமல் ஒரே நீளமாக. மோட்டார் வாலும் கேபிளும் சேரும் ஒரே ஒரு ஜாயின்ட்தான் தண்ணீருக்குள் இருக்க வேண்டும்.

அந்த ஜாயின்டைப் பக்கத்தில் நின்று பாருங்கள், ஞாயிற்றுக்கிழமை நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலையே அதுதான். மூன்று கோரையும் ஒரே இடத்தில் வெட்டி முறுக்கக்கூடாது, ஒன்றுக்கு ஒன்று இரண்டு இஞ்ச் தள்ளித் தள்ளி வர வேண்டும், அப்போதுதான் டேப் கிழிந்தாலும் ஒன்றோடொன்று தொடாது. கம்பியைச் சுரண்டிச் சுத்தம் செய்து, செம்புக் குழாய் போட்டு நசுக்கி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ரப்பர் டேப்பை இழுத்து இழுத்துச் சுற்றி, அதன் மேல் பிவிசி டேப், அப்புறம் மூன்றையும் சேர்த்து மறுபடி ஒரு சுற்று. வியர்வைக் கையோடு ரப்பர் டேப்பைத் தொட்டால் ஒட்டாது. சுற்றி முடித்ததும் ஜாயின்டை ஒரு பக்கெட் தண்ணீரில் போட்டுவிட்டு டீ குடித்து வாருங்கள், நல்ல நீளமான டீயாக. வந்து 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கம்பிக்கும் தண்ணீருக்கும் நடுவே பத்து, இருபது மெகாஓமுக்கு மேல் காட்டினால் இறக்கலாம். மெகர் இல்லை என்று சொல்கிற மெக்கானிக் என்றால் பக்கத்து ஊர் எலெக்ட்ரீஷியனிடம் வாடகைக்கு வாங்கி வையுங்கள். டெஸ்டர் பல்பு வைத்துப் பார்ப்பது சோதனையே இல்லை.

தண்ணீர் நிரப்பும் மோட்டாரா, ஆயில் மோட்டாரா என்று பாருங்கள். தண்ணீர் மோட்டார் என்றால் இறக்குவதற்கு முன் ப்ளக்கைக் கழற்றிச் சுத்தமான குடிதண்ணீர் நிரப்ப வேண்டும். நிரப்பி, லேசாக ஆட்டி, குமிழி போகவிட்டு, மறுபடி நிரப்பி, இப்படிக் காற்றே இல்லாத வரைக்கும். போரில் முங்கும்போது தானே நிரம்பிக்கொள்ளும் என்று சொல்வார்கள், நிரம்பாது. உள்ளே த்ரஸ்ட் பேரிங்குக்கு அந்தத் தண்ணீர்தான் எண்ணெய். கலங்கல் தண்ணீரோ உப்புத் தண்ணீரோ ஊற்ற வேண்டாம். ஆயில் மோட்டாரில் இந்த வேலை கிடையாது, அதைத் திறக்கவே கூடாது.

ரிக் வண்டி:
திருச்செங்கோட்டு ரிக்கில் வேலை பார்க்கிறவன். ஒன்று கேட்கிறேன், போர் போட்டபோது எத்தனை அடியில் தண்ணீர் பிடித்தது? பாறை போரில் அதுதான் முக்கியம், யாரும் எழுதி வைப்பதில்லை.

தென்னந்தோப்பு:
அப்பா டைரியில் இருக்கிறது. 180 அடியில் ஈரம், 310 அடியில் நல்ல ஊற்று.

ரிக் வண்டி:
அப்பாவுக்கு ஒரு கும்பிடு. பம்பு 350இல் நின்றால் ரெண்டு ஊற்றும் அதற்கு மேலே. மேலிருந்து வருகிற தண்ணீர் நேராகப் பம்பின் வாய்க்குள் போய்விடும், ஏனென்றால் வாய் பம்புக்கும் மோட்டாருக்கும் நடுவில் இருக்கிறது, மோட்டார் அதற்குக் கீழே தொங்குகிறது. மோட்டாரைச் சுற்றி நிற்கிற தண்ணீர் நகரவே நகராது. சுடுதண்ணீர் ஆகும்.

பாசனக் கணக்கு:
இதுதான் உங்கள் மோட்டாரைக் கொன்றது என்று நினைக்கிறேன். கீழிருந்தே தண்ணீர் வந்தாலும் போதாது. நாலு இஞ்ச் மோட்டாருக்குப் பக்கவாட்டில் விநாடிக்கு 8 சென்டிமீட்டர் வேகத்திலாவது தண்ணீர் ஓட வேண்டும். ஆறரை இஞ்ச் துளையில் நாலு இஞ்ச் மோட்டார் தொங்கினால் சுற்றியுள்ள இடைவெளி சுமார் 140 சதுர சென்டிமீட்டர். நிமிடத்துக்கு 30 லிட்டர் என்பது விநாடிக்கு அரை லிட்டர். வேகம் மூன்றரை சென்டிமீட்டர்தான் வருகிறது, பாதிகூட இல்லை. இதற்குத்தான் ஸ்லீவ் போடுவது: மோட்டாரையும் பம்பின் வாயையும் மூடுகிற மாதிரி ஒரு நாலரை இஞ்ச் பிவிசிக் குழாய், மேலே வாய்க்கு மேல் இறுக்கமாக மூடியிருக்கும், கீழே திறந்திருக்கும். தண்ணீர் எங்கிருந்து வந்தாலும் குழாயின் அடிவரை இறங்கி, மோட்டாரை உரசிக்கொண்டு ஏறித்தான் வாய்க்குப் போக வேண்டும். ஓஸின் வாயை விரலால் அழுத்தினால் வேகமாகப் பீய்ச்சுமே, அதே கதைதான், வழி குறுகினால் வேகம் கூடும்.

ரிக் வண்டி:
கணக்கு சரி, ஆனால் பாறை போரில் ஸ்லீவ் போட நான் சம்மதிக்க மாட்டேன். துளை நேராக இருக்காது. நாற்பது அடிக்குக் கீழே கேசிங் இல்லை, ஒரு கோழிமுட்டைக் கல் விழுந்து ஸ்லீவுக்கும் பாறைக்கும் நடுவே மாட்டினால் மோட்டாரை மேலே எடுக்கவே முடியாது. இழுத்து இழுத்து பைப் அறுந்து போரையே கைவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பேசாமல் 310 ஊற்றுக்கு மேலே, 300 அடியில் தொங்கவிடுங்கள்.

பாசனக் கணக்கு:
300இல் தொங்கினால் கோடை மட்டம் 260க்குக் கீழே 40 அடிதான் மிச்சம், 260 லிட்டர். கால் மணி நேரத்தில் துப்ப ஆரம்பித்துவிடும்.

ரிக் வண்டி:
துப்பட்டும், டைமரைச் சுருக்கிக்கொள்ளட்டும். போர் போனால் இன்றைக்கு என்ன செலவு என்று தெரியுமா?

காயில் கடை:
ரெண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. போர் காலியாக இருக்கும்போதே டம்மி விட்டுப் பாருங்கள். ஸ்லீவ் அளவுக்கே ஆறடி நீளப் பிவிசித் துண்டு, அடியில் கொஞ்சம் கான்கிரீட் ஊற்றிக் கனம் ஏற்றியது, நல்ல கயிற்றில் கட்டி 360 அடி வரை இறக்கி ஏற்றுங்கள். உரசாமல் போய் வந்தால் ஸ்லீவ் போடலாம். எங்காவது தட்டினால் ரிக் வண்டி சொல்வது போலச் செய்யுங்கள். அதற்கும் முன்னால் கம்ப்ரசர் விட்டுப் போரை ஒரு தடவை ஊதிவிடுங்கள், வருஷக்கணக்கில் சேர்ந்த சேறும் கல்லும் வெளியே வரட்டும்.

மாடி வீடு மதுரை:
இடையில் வருகிறேன், பைப் பற்றி யாரும் பேசவில்லையே. எங்கள் பக்கம் எல்லாரும் கறுப்பு ஓஸ்தான் போடுகிறார்கள், அரை மணியில் இறக்கி ஏற்றிவிடலாம்.

பாசனக் கணக்கு:
150, 200 அடி போருக்கு ஹெச்டிபிஇ ஓஸ் நல்லதுதான். 350 அடிக்கு அழுத்தத்தைப் பாருங்கள். தண்ணீர்க் கம்பத்தின் எடையே 10 பார் தாண்டுகிறது, மேலே வால்வை யாராவது மூடிவிட்டால் பம்பின் முழு அழுத்தமும் சேரும், அது 15 பார் வரைகூடப் போகலாம். பிஎன் 10 (10 பார் வரை தாங்கும்) ஓஸ் வெடிக்கும், பிஎன் 16 வேண்டும். ஒன்றேகால் இஞ்ச் பைப்பில் நிற்கும் தண்ணீர் மட்டும் 85 கிலோ, மோட்டாரும் பம்பும் தனி. இவ்வளவு ஆழத்துக்கு என் ஓட்டு யுபிவிசி காலம் பைப்புக்குத்தான், பத்தடித் துண்டுகள், சதுர மரை, ஒவ்வொன்றிலும் ரப்பர் வளையம். வளையம் விட்டுப்போனால் அந்த இடத்தில் உள்ளுக்குள்ளேயே தண்ணீர் கொட்டும், மேலே வருவது குறையும், போர் வாயில் காது வைத்தால் சத்தம் கேட்கும்.

எந்தப் பைப்பாக இருந்தாலும் தனியாக ஒரு பாதுகாப்புக் கயிறு, நைலான் அல்லது துருப்பிடிக்காத கம்பி வடம், மோட்டாரின் கொக்கியிலிருந்து போர் மூடி வரை. கேபிளைப் பிடித்து இறக்குவதோ தூக்குவதோ கூடவே கூடாது, ஜாயின்டில் உள்ளே விட்டுவிடும், வெளியே தெரியாது. பத்தடிக்கு ஒரு இடத்தில் கேபிளைப் பைப்போடு கட்டுங்கள், விறைப்பாக இல்லாமல் கொஞ்சம் தொய்வாக. தண்ணீர் நிரம்பினால் பிளாஸ்டிக் பைப் நீளும். தண்ணீரைத் திரும்ப இறங்கவிடாத நான்-ரிட்டர்ன் வால்வு பம்பின் தலையிலேயே இருக்கும், இந்த ஆழத்துக்கு நடுவில் இன்னொன்று போடுவது நல்லது.

தாராபுரம் அக்கா:
தம்பி, எல்லாரும் மோட்டாரின் உயிரைப் பற்றியே பேசுகிறீர்கள், ஆள் உயிரையும் பேசுங்கள். போருக்கு மேலே லைன் கம்பி போகிறதா?

தென்னந்தோப்பு:
போருக்கு நேர் மேலே இல்லை அக்கா, பத்து, பன்னிரண்டு அடி தள்ளி 11 கேவி லைன் போகிறது.

தாராபுரம் அக்கா:
அப்படியானால் இருபதடி ஜிஐ பைப்பையோ மோட்டாரைத் தூக்க நிறுத்தும் இரும்பு முக்காலியையோ செங்குத்தாக நிமிர்த்தவே விடாதீர்கள். பைப்பை நிமிர்த்தும்போது சாய்ந்து லைனில் பட்டு, பிடித்திருந்த எல்லாரும் ஒரே நேரத்தில் போவது கொங்கு நாட்டில் வருஷா வருஷம் கேள்விப்படுகிற செய்தி. ஈபி ஆபீஸில் எழுதிக் கொடுத்து அந்த நேரத்துக்கு லைனை நிறுத்திக் கேளுங்கள், லைன்மேன் வந்து நிறுத்தினேன் என்று சொன்ன பிறகு ஆரம்பியுங்கள்.

கரண்ட் கணக்கு:
அக்கா சொன்னது எல்லாவற்றுக்கும் மேல். இன்னும் ஒன்று. மெயினை ஆஃப் செய்தால் போதாது, ஃபியூஸ் கேரியரைக் கழற்றி, போரில் வேலை பார்க்கிறவர் தன் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். இப்போது பல தோட்டங்களில் மொபைல் ஸ்டார்ட்டர் இருக்கிறது, வீட்டில் இருக்கும் யாரோ தண்ணீர் இல்லையென்று போன் போட்டால் இங்கே மோட்டார் ஓடும். ஆட்டோ ஸ்விட்ச் இருந்தால் கரண்ட் போய் வந்தவுடன் தானாக எடுக்கும். கையில் வயரோடு இருக்கிறவருக்கு அது தெரியாது. பேனலில் கப்பாசிட்டரைத் தொடுவதற்கு முன், கரண்ட் இல்லாவிட்டாலும் அதில் சார்ஜ் நிற்கும், ஒரு குண்டு பல்பின் ரெண்டு முனையை அதில் வைத்து இறக்கிவிடுங்கள். கப்பாசிட்டர் மாற்றினால் பழையதில் போட்டிருக்கும் அதே எம்எஃப்டி (மைக்ரோஃபாரட்), அதே வோல்ட்.

பேனலில் ட்ரை ரன் பாதுகாப்பு கட்டாயம். தண்ணீர் இல்லாமல் ஓடினால் ஆம்பியர் குறையும், அதை உணர்ந்து நிறுத்தும் வகை உங்களுக்கு வசதி, போருக்குள் தனி வயர் விட வேண்டாம். நிறுத்திய பிறகு எவ்வளவு நேரம் கழித்து எடுக்க வேண்டும் என்பதையும் அதிலேயே வைக்கலாம், முக்கால் மணி வையுங்கள். வோல்டேஜ் 190க்குக் கீழே போனால் எடுக்காதபடி லோ வோல்டேஜ் கட்-ஆஃபும் வேண்டும். கேசிங் இரும்பா பிவிசியா தெரியவில்லை, இரும்பு என்றால் அதையும் பேனல் பெட்டியையும் எர்த்தோடு சேருங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக விழும் ஸ்விட்ச்) ஒன்று மோட்டாருக்கென்று தனியாக.

மாடி வீடு மதுரை:
ஆர்சிசிபி போட்டால் மோட்டாருக்கு அடிக்கடி விழுகிறது என்று எங்கள் எலெக்ட்ரீஷியன் அதை பைபாஸ் செய்துவிட்டார், இப்போது தொந்தரவே இல்லை.

கரண்ட் கணக்கு:
சார், இன்றைக்கே அதைத் திரும்பப் போடச் சொல்லுங்கள். அடிக்கடி விழுகிறது என்றால் கரண்ட் தண்ணீருக்குள் கசிகிறது. மெகர் வைத்துப் பாருங்கள். போருக்குள் இருக்கும் மோட்டார், கேபிள் எல்லாம் சேர்ந்து 2 மெகாஓமுக்கு மேல் இருந்தால் நல்ல நிலை, அரை மெகாஓம் வரை ஓடும், அதற்குக் கீழே என்றால் ஜாயின்டிலோ கேபிளிலோ காயம் இருக்கிறது. குளிக்கிற ஷவர் பைப்பில் சுரீர் என்று அடிக்கும் வரை காத்திருக்க வேண்டாம். வீடு முழுக்க இருளாவதுதான் தொந்தரவு என்றால் மோட்டாருக்குத் தனி ஆர்சிசிபி, வீட்டுக்குத் தனி.

மாடி வீடு மதுரை:
சரிங்க, நாளைக்குக் கூப்பிடுகிறேன்.

தென்னந்தோப்பு:
எல்லாருக்கும் நன்றி. இறக்கியாகிவிட்டது. டம்மி 350 தாண்டித் தட்டாமல் போய் வந்தது, ஸ்லீவ் போட்டோம் (ரிக் வண்டி அண்ணன் கோபிக்க வேண்டாம்). 4 ஸ்கொயர் கேபிள், காலம் பைப். லைன் நிறுத்தம் வாங்க அலைந்ததில் ஞாயிறு தள்ளிப் புதன்கிழமை ஆனது. மெக்கானிக் முணுமுணுத்துக்கொண்டே எல்லாம் செய்தார், பக்கெட் தண்ணீரில் ஜாயின்டைப் போட்டதும் மட்டும் சிரித்துவிட்டார். வால்வைப் பாதிக்கும் கீழே திறந்து ஸ்டார்ட் செய்தோம், முதலில் செம்மண் கலங்கல், நிறுத்தாமல் விட்டோம், தெளிந்தது. கிளாம்ப் மீட்டரில் 10 ஆம்பியர், 212 வோல்ட்.

காயில் கடை:
தெளிகிற வரை நிறுத்தாமல் விட்டது நல்ல வேலை, நடுவில் நிறுத்தினால் மேலே ஏறிய மணல் திரும்பி இறங்கித் தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரில் உட்கார்ந்துகொள்ளும். அந்த 10 ஆம்பியர், 212 வோல்ட், மெகர் காட்டியது, டேங்க் நிரம்ப ஆன நேரம், எல்லாவற்றையும் பேனல் கதவின் உள்பக்கம் மார்க்கரில் தேதியோடு எழுதிவையுங்கள். இனி மாதம் ஒரு தடவை பார்த்தால் போதும். ஆம்பியர் கூடி தண்ணீர் குறைந்தால் மணல் அடைப்பு அல்லது தேய்மானம், ஆம்பியரும் குறைந்து தண்ணீரும் குறைந்தால் மட்டம் இறங்கியிருக்கிறது அல்லது பைப்பில் ஓட்டை. ஆம்பியர் குறைந்து தண்ணீரே இல்லையென்றால் மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங் அறுந்திருக்கலாம். நிறுத்தியதும் பைப்பில் தண்ணீர் கடகடவென்று கீழே ஓடும் சத்தம் வந்தால் நான்-ரிட்டர்ன் வால்வு பிடிக்கவில்லை, அந்த நேரத்தில் பம்பு பின்னோக்கிச் சுற்றும், உடனே ஸ்விட்ச் போட்டால் தண்டு முறியும். எப்போதுமே நிறுத்திய பிறகு ரெண்டு, மூன்று நிமிடம் விட்டுத்தான் எடுக்க வேண்டும். மழைக்காலத்தில் ஓட்டாமல் விட்டால் வாரம் ஒரு முறை ஐந்து நிமிடமாவது ஓட்டுங்கள், உங்கள் பக்கம் உப்புத் தண்ணீர், இம்பெல்லர் பிடித்துக்கொள்ளும்.

ரிக் வண்டி:
கோபமெல்லாம் இல்லை. அடுத்த தடவை எடுக்கும்போது ஏறினால் எனக்கும் சொல்லுங்கள்.

தென்னந்தோப்பு:
இன்னொரு சந்தேகம். தோட்டத்தின் பின்னால் தாத்தா காலத்துக்குப் பிறகு போட்ட பழைய போர் ஒன்று வறண்டு கிடக்கிறது, ஆறரை இஞ்ச், 300 அடி. வாயில் ஒரு சாக்கைச் சொருகிக் கல் வைத்திருக்கிறோம்.

தாராபுரம் அக்கா:
தம்பி, மணப்பாறை நடுக்காட்டுப்பட்டியில் 2019 அக்டோபரில் ரெண்டு வயதுக் குழந்தை விழுந்ததும் வீட்டை ஒட்டிய கைவிடப்பட்ட போரில்தான். சாக்கு மட்கிப்போகும், கல்லைப் பிள்ளைகள் உருட்டிவிடுவார்கள். இன்றைக்கே ஏதாவது பலமாக மூடுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்.

பாசனக் கணக்கு:
உச்ச நீதிமன்றம் 2010இல் இதற்கென்றே நெறிமுறை சொல்லியிருக்கிறது. கைவிட்ட போரை அடியிலிருந்து தரைமட்டம் வரை களிமண், மணல், கல் போட்டு நிரப்ப வேண்டும். பயன்பாட்டில் உள்ள போர் என்றால் கேசிங்கைச் சுற்றித் தரைக்கு மேலே 30 சென்டிமீட்டர், கீழே 30 சென்டிமீட்டர் கான்கிரீட் மேடை, வாய்க்கு இரும்புத் தகடு வெல்டிங் அல்லது போல்ட் போட்ட மூடி. மோட்டார் ரிப்பேருக்கு எடுத்திருக்கும்போதும் வாயைத் திறந்து விடக்கூடாது என்று அதிலேயே இருக்கிறது. இப்போது மோட்டார் இறக்கிய போருக்கும் மேடையும் மூடியும் போட்டீர்களா?

தென்னந்தோப்பு:
மூடி போல்ட் போட்டது வாங்கியாகிவிட்டது, கேசிங் பிவிசி என்பதால் வெல்டிங் முடியாது. மேடை இந்த வாரம். பழையதை இரும்புச் சட்டி கவிழ்த்து மேலே உரலை உருட்டி வைத்திருக்கிறேன் இப்போதைக்கு. நிரப்ப எவ்வளவு மண் ஆகும்?

பாசனக் கணக்கு:
300 அடிக்கு ரெண்டு கன மீட்டர், அதாவது 70 கன அடி. ஒரு யூனிட் நூறு கன அடி, முக்கால் யூனிட் கூட வேண்டாம். ஒரேயடியாகக் கொட்டினால் பாதியில் அடைத்துக்கொண்டு கீழே வெற்றிடம் நிற்கும், பின்னால் மழையில் உள்வாங்கும். மண்வெட்டி மண்வெட்டியாக, நடுநடுவே கயிற்றில் எடை விட்டு மட்டம் எவ்வளவு ஏறியது என்று பார்த்துப் பார்த்துப் போடுங்கள். 70 கன அடி போகாமலேயே வாய் நிரம்பிவிட்டால் நடுவில் எங்கோ அடைத்திருக்கிறது, கம்பியை விட்டுக் குத்துங்கள்.

தென்னந்தோப்பு:
சரி. சனிக்கிழமை டிராக்டர் சொல்லியிருக்கிறேன்.